மூச்சை இழுத்துப் பிடிக்காத அக்கா

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போது உள்ளே இழுத்த மூச்சைக் கிண்டியில் இறங்கும்போதுதான் வெளியே விடுவது என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. வண்டலூர் வரை தாக்குப்பிடித்தேன். பெருங்களத்தூரில் கண் லேசாக இருட்டியது. தாம்பரத்தில் ஏறிய கூட்டம் நெருக்கியதில் மூச்சு தானாகக் கழன்றுகொள்ள, வயிறு முன்னால் வந்து, எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் முகத்துக்கு நேராக நின்றது. அவள் பதறி எழுந்தாள்.

"உக்காருங்கக்கா. எத்தனாவது மாசம்?"

யோக்கியமான பெண் என்றால் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் "ஆறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் கையை வைத்து லேசாக முனகவும் செய்தேன். நடிப்பு என்று இறங்கிய பிறகு அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. ரயில் ஹாரனுக்கு அக்கா முறையாக வேண்டிய குரல்.

"இன்னா கண்ணு, நேத்து ஃபோன்ல, ஏழு மாசக் கொயந்தைக்கு கேப்பக்கூழ ஆத்திக் குடுங்கன்னு உங்கம்மாகிட்ட கத்திகினு வந்தியே. அதுக்குள்ள இன்னொண்ணு ஆறு மாசமா?"

பெண்கள் பெட்டி மொத்தமும் கணக்குப் போட்டது. எனக்கு அப்படியே ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு கம்பிக்குள் எப்படி நுழைவது? எழுந்திருக்கப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

"எழாத. உக்காந்தது உக்காந்துட்ட. அந்தப் பொண்ணு அடுத்த ஸ்டேஷன்ல எறங்கப்போவுது. நீ மூச்ச மட்டும் வுடு. இஸ்துகினே வந்தா மூஞ்சி நீலமாப் போவுது."

அவர் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். பெட்டியில் இருந்த எல்லோருக்கும் அவர் 'அக்கா'. பெயரைக் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ரயில் சிநேகம் அப்படித்தானே, எந்த ஸ்டேஷனில் இறங்குவார் என்று தெரிந்தால் போதும். அக்கா பல்லாவரம்.

ஐம்பது வயது இருக்கும். மூன்று பெற்றவர். அவர் வயிறு அவருக்குச் சற்று முன்னதாகவே ரயில் ஏறும். அதை அவர் ஒளிக்கவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து மூடவில்லை. சொல்லப்போனால் அதை ஒரு மேஜை மாதிரி உபயோகித்தார். டிபன் பை அதன்மேல்தான் உட்காரும். மல்லிகை வாங்கிய நாட்களில் உதிரிப்பூ அதன்மேல்தான் பரப்பப்படும். யாராவது கைக்குழந்தையோடு ஏறினால், "கொண்டா இப்டி" என்று வாங்கி அதன்மேல் சாய்த்துக்கொள்வார். எந்தக் குழந்தையும் பல்லாவரம் வரை விழித்திருந்ததில்லை. குரோம்பேட்டைக்குள் தூங்கிப்போகும். பல்லாவரத்தில் அக்கா இறங்குவதற்காகத் திருப்பிக் கொடுத்ததும் எழுந்து அழும்.

பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் அவருக்கு வேலை. பதப்படுத்திய தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்து அடுக்க வேண்டும். அதனாலேயோ என்னவோ, தோல் என்பது அவருக்குக் கூச்சப்பட வேண்டிய சமாச்சாரமாகத் தெரியவில்லை. ஒருநாள் கைப்பையிலிருந்து நான் ஒரு களிம்பை எடுத்ததைப் பார்த்துவிட்டார். களிம்பின் அட்டைமேல் பொன்னிற முடிக்காரி ஒருத்தி, பிள்ளை பெற்ற தடமே இல்லாத வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

"வயித்துல கோடு கோடா இருக்குல்லக்கா, அதுக்கு." நான் கிசுகிசுத்தேன்.

அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. "வயித்துக் கோட்டுக்கா? எங்க கம்பெனிக்கு வந்து பாரு. முதுகுத் தோலு ஜம்முனு பலகையாட்டம் கீது. வயித்துத் தோலு தொளதொளன்னு, இஸ்தா இஸ்த எடத்துக்கு வருது. ஆடா இருந்தா இன்னா, மாடா இருந்தா இன்னா, வயிறுன்னா அப்டித்தான். ஆண்டவனே அத இஸ்துக்கதான் வச்சிகீறாரு. இதுக்குப் போயி வெள்ளக்காரி படம் போட்ட மருந்து!"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. வீட்டிலும் ஆபீசிலும் என் வயிற்றைப் பற்றி மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே ஒரு ஜோக் சொல்லிவிடுவேன். முந்திக்கொண்டால் வலிக்காது என்பது என் சித்தாந்தம். என் கணவருக்கும் ஒரு வயிறு உண்டு, அதை அவர் யாருக்கும் விளக்கியது கிடையாது. "எனக்கும்தான் இருக்கு பாரு" என்று தட்டிக் காட்டி எனக்கு ஆறுதல் வேறு சொல்வார். பிரசவமானதும் அம்மா பழைய நூல்சேலையைக் கிழித்து என் வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். மூச்சு முட்டுகிறது என்று மூன்றாம் நாளே நான் அவிழ்த்துப் போட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும், பால் பொங்கி வழிந்தால்கூட, "அன்னைக்கு அந்தக் கட்டை அவுத்த இல்ல" என்பாள்.

பிறகு தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய் என்று பூசியதில் ஆபீஸ் லிப்டில் பக்கத்தில் நின்றவர், "எங்கயோ வடை போடறாங்க" என்றார். அப்புறம் ஒரு இறுக்க உடுப்பு. கிண்டி ஸ்டேஷன் படியேறும்போது அது சுருண்டு சுருண்டு மேலே போய் விலா எலும்பில் டயராக உட்கார்ந்தது. இதையெல்லாம் நடித்துக் காட்டி ரயிலில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

ஆனால் குளியலறைக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். அதை மட்டும் யாருக்கும் சொல்லி நடித்துக் காட்டவில்லை.

காரணம் கோடுகள் மட்டுமில்லை. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு இருந்தது. இருமினால் எழும்பும், படுத்தால் அமுங்கும். கரையாத கொழுப்பு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதற்கேற்ற மாதிரி தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ஒரே அக்கா. நாத்தனார் முடிச்சு என்னுடையது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மணமேடையில் குனிந்து கையைத் தூக்கி மூன்றாவது முடிச்சு போட வேண்டும். வீடியோக்காரர் அந்த இடத்தில்தான் கேமராவை மூக்குக்கு அருகில் கொண்டுவருவார். அந்த வீடியோவை என் பெரியம்மா குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பார்க்கும்.

இந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம் வந்தது. புதுத் தாய்மார்களுக்கான சிறப்புத் தொகுப்பு. குளிர் இயந்திரம் வைத்துக் கொழுப்பை உறையவைப்பார்களாம், அது பிறகு தானே கரைந்துபோகுமாம். கோடுகளுக்கு லேசர். கத்தி இல்லை, வலி இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டிடம். சனிக்கிழமையோடு சலுகை முடிகிறது. பதிவு செய்துவிட்டேன். தனியாகப் போகப் பயமாக இருந்ததால் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "ஏசி கீதா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப வரேன்" என்றார்.

வரவேற்பறையில் ஏசி இருந்தது. வெள்ளைச் சோபாவில் இரண்டு பெண்கள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு படம். இடது பக்கம் ஒரு சரிந்த வயிறு, அதன் கீழே 'முன்'. வலது பக்கம் தட்டையான வயிறு, அதன் கீழே 'பின்'. ஆறே வாரங்களில் என்று நடுவில் ஒரு நட்சத்திரம். நான் அந்தப் 'பின்'னைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து படத்துக்கு அருகில் போனார். மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குப் போனார்.

"அடிப்பாவிங்களா! என் வயிறு இங்க இன்னா பண்ணுது?"

கோட்டு போட்ட ஆலோசகர் பெண் ஓடி வந்தாள். நல்ல பெண், நுனி நாக்கில் தேன் தடவிய மாதிரிப் பேசினாள். "மேம், அது எங்க க்ளையண்ட். பேரெல்லாம் சொல்ல மாட்டோம். கான்ஃபிடென்ஷியல்."

"நானுந்தான் சொல்றேன். அந்தக் கான்ஃபிடென்ஷியலு நான்தாம்மா."

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன்பு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இவர்கள் பந்தல் போட்டு இலவசப் பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு ஒரு சின்ன ஷாம்பு புட்டி இலவசம். ஷாம்புவுக்காக அக்கா போயிருக்கிறார். திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, முகம் வராது என்று உறுதி சொல்லி, "மூச்சை விடுங்க" என்று ஒரு படம், "நல்லா இழுத்துப் பிடிங்க" என்று ஒரு படம். எக்ஸ்ரே எடுக்கிற இடத்திலும் இதையேதானே சொல்கிறார்கள்? அக்கா அதை ஒரு மாதிரி எக்ஸ்ரே என்று நினைத்துவிட்டார். "ரிப்போர்ட்டு எப்ப வரும்னு கேட்டேன். அனுப்பறோம்னான். இன்னிக்குத்தான் பாக்கறேன் ரிப்போர்ட்ட!"

"மேம், எல்லா வயிறும் பாக்க ஒரே மாதிரிதான்…" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

அக்கா இடது கையை நீட்டிச் சுவரோடு ஒட்டிவைத்தார். படத்தில் 'முன்' வயிற்றின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. மூன்று பச்சைக் கண்ணாடி வளையல், அதில் கோத்த இரண்டு ஊக்கு, ஒன்று துருப்பிடித்தது. 'பின்' வயிற்றின் ஓரத்திலும் அதே வளையல், அதே ஊக்கு, அதே துரு. அக்காவின் கையிலும் அதே. பிறகு அவர் முந்தானையை ஒதுக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில் கடுகு அளவு மச்சம். சுவரிலும் இருந்தது, இரண்டு பக்கத்திலும்.

"பாத்துக்கோங்கமா" என்று சோபாவில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "இது முன்." மூச்சை விட்டார். வயிறு சாவகாசமாக வந்து அமர்ந்தது. "இது பின்." இழுத்தார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, வயிறு விலாவுக்குள் போய் ஒளிந்தது. அந்த நிலையிலேயே என்னைப் பார்த்து, திக்கித் திக்கி, "ஆறு… வாரம்… எனக்குத்… தாங்காது… கண்ணு" என்றார்.

சோபாவில் இருந்த ஒரு பெண் போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஆலோசகர் பெண்ணே வாயைக் கோட்டுக் கையால் பொத்திக்கொண்டாள், பாவம், சம்பளத்துக்கு இருப்பவள். நான் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமியதில் என் எலுமிச்சம்பழம் துணிக்கு வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பியது. அக்கா பார்த்துவிட்டார். சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"இன்னாது இது?"

"கொழுப்புக்கா."

"கொழுப்பு எங்கனா இருமுனா எழுந்து வணக்கம் வைக்குமா? இது வாயு. பூண்டு துன்னு."

"மெஷின் வெச்சா இதுவும் போய்டும் மேம். இன்னைக்கே ஒரு சிட்டிங் ஆரம்பிச்சிடலாம்" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு நிபுணர்களுக்கு நடுவில் நின்றேன். உள்ளே கதவு திறந்து, அந்தக் குளிர் இயந்திரம் நீல விளக்கோடு தெரிந்தது. கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு பார்த்த பிறகும் என் கால் உள்ளே போகத்தான் திரும்பியது. படம் பொய் என்றால் இயந்திரமும் பொய்யாகவா இருக்கும் என்று ஒரு மனசு. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்குப் பிரசவம் பாத்த டாக்டரு எங்க கீறாங்க?"

"கிழக்குத் தாம்பரத்துல."

"அவங்ககிட்ட காமிச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

ஒன்பது மாதமும் என்னை முழுசாகப் பார்த்த டாக்டர் அவர். அவரிடம் காட்ட வெட்கம், முன்பின் தெரியாத விளம்பரத்துக்குக் காட்ட வெட்கமில்லை. சொன்னால் எனக்கே சிரிப்பு வரும் என்பதால் சொல்லவில்லை.

"வா" என்றார் அக்கா.

ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம் போனோம். டாக்டர் என்னைப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். இருமச் சொன்னார். விரலால் அழுத்திப் பார்த்தார். நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இது கொழுப்பு இல்ல. சின்ன ஹெர்னியா. கர்ப்பத்துல வயித்துச் சதை ரெண்டா விலகி இருக்கு, அந்த இடைவெளியில குடல் லேசா எட்டிப் பாக்குது. பயப்படாதீங்க, இப்ப ஆபத்து இல்ல. ஆனா இதுமேல அந்தக் குளிர் மெஷின வெக்கவே கூடாது. வெச்சீங்களா?"

"வெக்கல டாக்டர்."

"நல்லவேளை."

அந்த 'நல்லவேளை'யில்தான் ஊரப்பாக்கத்தில் இழுத்த மூச்சு எனக்கு வெளியே வந்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, கண்டுபிடித்ததே தான்தான் என்பது மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பூண்டு விஷயத்தைப் பிறகு இரண்டு பேருமே எடுக்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சதை சேர்வதற்கு உடற்பயிற்சி இருக்கிறது, சொல்லித்தர ஆள் இருக்கிறது, கண்டபடி குனிந்து நிமிர்ந்து செய்யக்கூடாது. திடீரென்று வலித்தாலோ, மேடு அமுங்காமல் நின்றாலோ உடனே ஓடிவர வேண்டும். மற்றபடி ஒரு சர்ஜனைப் பார்த்துவிட்டு, அடுத்த குழந்தை வேண்டுமா என்று முடிவுசெய்த பிறகு நிதானமாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். தொங்கும் தோலை வெட்டி எடுப்பதும் உண்டு, அதற்கும் அவசரமில்லை. கோடுகள் இப்போது சிவப்பாக இருக்கின்றன, போகப்போக வெளுக்கும். களிம்பு தோலை மெத்தென்று வைக்கும், கோட்டை அழிக்காது. பால் கொடுப்பதை நிறுத்திய பிறகும் உறுத்தினால் தோல் மருத்துவரிடம் போகலாம், லேசரோ, நுண்ணூசி வைத்துத் தோலைத் தூண்டுவதோ செய்வார்கள். "குறையும். சுத்தமா போயிடும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க."

"எனக்கு டாக்டர்?" என்றார் அக்கா.

"உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வந்ததே வந்தோம், சும்மா கேட்டு வச்சேன்."

வெளியே வந்ததும் கரும்புச்சாறு குடித்தோம். "அப்பாடா" என்று நான் சொல்ல, "பெருசா இன்னொரு வாட்டி சொல்லு, வயிறு நல்லா வெளிய வரும்" என்றார்.

தம்பி கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தேன். கம்பெனியில் கண்டெய்னர் ஏற்றுகிற நாள் என்பதால் வரவில்லை. கெட்டிமேளம் முழங்க, வீடியோக்காரர் மூக்கருகே வந்து, "மேடம், கொஞ்சம் மூச்சை இழுங்க" என்றார். தொழில் தெரிந்தவர்! முடிச்சைப் பிடித்த கையோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "அண்ணா, தாலிய எடுங்கண்ணா. இத எடுக்காதீங்க" என்றேன். மூச்சை விட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டேன். பெரியம்மா குடும்பம் அந்த இடத்தை இன்னும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. பார்க்கட்டும். குளியலறையிலிருந்த துண்டு இப்போது துவட்டுவதற்குப் பயன்படுகிறது.

மறுமாதம் அக்கா ரயிலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏறினார். அப்படி நான் பார்த்ததே இல்லை. டிபன் பை மடிமேல் கூட ஏறவில்லை. என்ன என்று கேட்டோம்.

"அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல என் படத்தக் கயட்டிட்டானுங்கடி. எவளோ வெள்ளக்காரிய மாட்டிகீறானுங்க."

"நல்லதுதானேக்கா? உங்ககிட்ட கேக்காம மாட்டுனது தப்புதானே?"

"தப்புதான். அதுக்குன்னு கயட்டிடுவானா? அந்த வயித்துக்கு இன்னா கொறச்சல்?" குரோம்பேட்டை வரை சமாதானமாகவில்லை. பிறகு யாரோ ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறினாள். அதை வாங்கி வயிற்றில் சாய்த்துக்கொண்டதும் சரியாகிவிட்டார்.

இப்போது அவர் வருவதில்லை. வேலையை விட்டுவிட்டு மகளோடு கோவிலம்பாக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒருநாள் அவரை நினைத்துப் போனில் படம் தேடினேன். பெண்கள் பெட்டியில் நாங்கள் கும்பலாக எடுத்துக்கொண்ட படங்கள் நிறைய இருந்தன, எதிலும் அக்கா இல்லை. எல்லாம் அவர் எடுத்தவை. "எல்லாரும் மூச்ச வுடுங்கடி" என்று கத்திவிட்டு எடுப்பார், அதனால் எல்லாப் படத்திலும் நாங்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தேடிக்கொண்டே போனதில் அன்று அந்த வரவேற்பறையில் நான் குறும்புக்காக எடுத்த சுவர்ப் படம் அகப்பட்டது. முகம் இல்லாத இரண்டு வயிறு, வளையல், ஊக்கு. 'பின்'னைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மாள், எதற்கோ பயந்த மாதிரி. 'முன்'னுக்கு நகர்த்தினேன். அக்கா சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.